பிளஸ் எப்படி மைனஸ் ஆனது?

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடி அறைதான் ஆன்லைன் வகுப்பு. சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் குடியாத்தத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணும் ஆம்பூரிலிருந்து இரண்டு பையன்களும் வந்துவிடுவார்கள். போன வருஷம் ஒருநாள் போர்டில் ‘எக்ஸ் பிளஸ் 3’ என்று எழுதினேன். அந்தப் பெண் நோட்டில் ‘எக்ஸ் மைனஸ் 3’ என்று இறக்கியிருந்தாள். கவனம் எங்கே என்று கடிந்துகொண்டேன். “போர்டுல மைனஸ்தான் சார் இருந்துச்சு” என்றாள். என் திரையில் பிளஸ். அதற்குள் அவள் திரையிலும் பிளஸ். சாக்கு சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அவள் சொன்னது உண்மை. அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

நான் எழுதுவது பென் டேப்லெட்டில், அதாவது லேப்டாப்போடு இணைத்த எழுதுபலகையில். அந்தப் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது, ஒரு சின்னக் கம்பிச்சுருள்தான் இருக்கிறது. பலகைக்கு அடியில் வலைபோலப் பரவியிருக்கும் கம்பிகள் ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பும். சுருள் அதிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு பதில் சைகை அனுப்பும். எந்தக் கம்பியில் பதில் பலமாகக் கேட்கிறதோ அங்கே பேனா இருக்கிறது என்று பலகை கணக்குப் போட்டுக்கொள்ளும். நொடிக்கு 200 தடவை இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளஸ்ஸின் படுக்கைக் கோட்டைப் போட 0.3 நொடி ஆனால் 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் மொத்தம் 240 பைட்.

இதையே படமாக அனுப்பினால்? 1280-க்கு 720 புள்ளி அளவுள்ள திரையின் ஒரே ஒரு படம், புள்ளிக்கு 3 பைட் வீதம், சுருக்காமல், 27,64,800 பைட். அதனால்தான் நல்ல ஒயிட்போர்டு செயலிகள் படத்தை அனுப்புவதில்லை. ‘இங்கிருந்து இங்கே கோடு போடு’ என்ற கட்டளையை மட்டும் அனுப்புகின்றன. வரைகிற வேலை மாணவியின் போனுடையது.

அந்த 60 புள்ளியும்கூடத் தேவையில்லை. 1973-ல் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர், மேப்பில் வரும் கோடுகளின் புள்ளிகளைக் குறைக்க ஒரு வழி எழுதினார்கள். பாலாற்றின் கரையை வரைகிறோம் என்று வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து அதிகம் விலகி நிற்கும் புள்ளி எது என்று பார்க்க வேண்டும். விலகல் பெரிதென்றால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு, இரண்டு துண்டிலும் மறுபடி அதே வேலை. சிறிதென்றால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆற்று வளைவுக்குப் பல புள்ளிகள் மிஞ்சும். பிளஸ்ஸின் கோட்டுக்கு இரண்டே முனைகள் போதும். நிறம், தடிமன் எல்லாம் சேர்த்தாலும் பொதுவாகச் சில நூறு பைட்டில் முடிந்துவிடும்.

சரி, இவ்வளவு சின்னப் பொருள் ஏன் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது? அதுவும் என் குரல் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும்போது?

குரலும் போர்டும் ஒரே நெட்டில் போனாலும் அவற்றுக்கான சட்டம் வேறு வேறு. பிரவுசரிலேயே பேச வழிசெய்யும் வெப்ஆர்டிசியை 2011-ல் கூகுள் வெளியிட்டது. குரலைச் சுருக்கும் ஓபஸ் முறை 2012-ல் தரநிலை ஆனது. ஓபஸ் பெரும்பாலும் குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கும். நொடிக்கு 24,000 பிட் வேகத்தில் (8 பிட் ஒரு பைட்) ஒரு துண்டு வெறும் 60 பைட், கடலைப் பொட்டலம் மாதிரி. நொடிக்கு 50 பொட்டலம் கிளம்பும். ஆனால் நம் காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்போல, கொஞ்ச நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்று சேர்ந்து வரும். ஆகவே கேட்கிற பக்கம் சில பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீராகப் பிரித்துக் கொடுக்கும். ஒன்று தொலைந்தால் திருப்பிக் கேட்டு நிற்பதில்லை. முந்தைய ஒலியை வைத்து இட்டு நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். காரணம், தாமதமாக வந்த குரலால் பயனில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட, “புரிஞ்சுதா?” என்று நான் கேட்பதும் “புரிஞ்சுது சார்” என்று அவர்கள் சொல்வதும் முட்டிக்கொள்ளும்.

போர்டின் சட்டம் நேர் எதிர். எதுவும் தொலையக் கூடாது, வரிசையும் மாறக் கூடாது. ஒரு மைனஸ் குறி காணாமல் போனால் கணக்கே போச்சு அல்லவா? எனவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வேண்டும். அது வராவிட்டால் சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும். அதுவும் தவறினால் முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் காத்திருக்கும், அப்புறம் அதற்கும் இரண்டு மடங்கு. நெட் ஒரு நொடி தடுக்கினால் போர்டு மூன்று நொடி உறைவது இதனால்தான். பின்னால் வந்த பொட்டலங்கள் மாணவியின் போனுக்கே வந்திருந்தாலும், முன்னால் தொலைந்தது வரும்வரை அவை வாசலில் நிற்க வேண்டியதுதான். அது வந்ததும் நான்கு வரிகள் மடமடவென்று கொட்டும்.

இப்போது பிளஸ்ஸுக்கு வருவோம். நான் முதலில் படுக்கைக் கோடு போட்டேன், அது போய்விட்டது. அடுத்த நிமிர்ந்த கோடு வழியில் மாட்டிக்கொண்டது. அந்த இரண்டு மூன்று நொடியில் அவள் திரையில் இருந்தது சாட்சாத் மைனஸ். சுறுசுறுப்பான பெண், உடனே எழுதிக்கொண்டாள். மெதுவாக எழுதுகிற ஆம்பூர்ப் பையன்கள் தப்பித்தார்கள்.

போர்டைத் திறக்காமல் ஸ்கிரீன் ஷேர் செய்பவர்கள் நிறைய. அது மேற்சொன்ன கட்டளை வழியில் போவதில்லை, வீடியோவாகப் போகிறது. நெட் இளைத்தால் வீடியோ தன் தெளிவைக் குறைத்துக்கொள்ளும், அடுக்குக்குறி 2 ஒரு புள்ளியாகக் கரைந்துவிடும். உறைவதா மங்குவதா என்றால் கணக்குக்கு நான் உறைவதையே எடுத்துக்கொள்வேன். உயிரியல் படங்களுக்கு மங்கினாலும் பரவாயில்லை. இதோடு வேலூர்க் கத்திரி வெயில் ஒரு பக்கம்: போன் சூடானால் அதன் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வீடியோ திணறும். மே மாதத்தில் எல்லோருடைய கேமராவையும் நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்பு எழுதிக்கொண்டே பேசுவேன். இப்போது வரியை முடித்துவிட்டு, யாராவது ஒருவரைப் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுத்தான் விளக்கம். குரல் முன்னால் ஓடி, எழுத்து பின்னால் நொண்டுவது இதில் நிற்கிறது.

பிளஸ்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு யுக்தி செய்து பார்த்தேன். நிமிர்ந்த கோட்டை முதலில் போட்டேன். மாட்டிக்கொண்டால் அது 1 ஆகிவிடுகிறது, இன்னும் மோசம். சரி என்று பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டேன். குடியாத்தத்திலிருந்து உடனே கேள்வி வந்தது: “சார், அது பிளஸ்ஸா, நாலா?”