முதல் 5 வாரக் கோல்களை எவ்வளவு நம்பலாம்?

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகளில் மதியம் 2 மணி நெருங்க நெருங்க, மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலும் காத்ர்போர்னிலும் உள்ள வாட்சப் குழுக்களில் ஒரே பதற்றம். "அண்ணே, யாரைத் தூக்குறது, யாரைப் போடுறது?" என்று தம்பிமார்கள் கேட்பார்கள். அண்ணன்மார்களுக்கும் தெரியாது, ஆனாலும் பதில் சொல்வார்கள். இங்கிலாந்தில் 12.30-க்கு முதல் ஆட்டம் என்றால், ஃபேன்டசி பிரீமியர் லீக் அதற்கு 90 நிமிடம் முன்னதாகவே கதவைச் சாத்திவிடும். அப்போது மொரிஷியஸில் மணி 2. (அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவார்கள். நாம் திருப்புவதில்லை என்பதால் அதன்பின் நமக்கு 3 மணி.)

விளையாட்டு தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் நிஜமாக ஆடுபவர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம், நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கு நமக்குப் பாய்ன்ட். கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். அதில் 15 பேரை வாங்கவேண்டும், ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. முன்கள ஆட்டக்காரர் கோல் அடித்தால் 4 பாய்ன்ட், நடுக்களத்தவர் அடித்தால் 5, தற்காப்பாளர் அடித்தால் 6. அசிஸ்டுக்கு (இன்னொருவர் கோலடிக்கப் பந்தைக் கொடுத்ததற்கு) 3. நாம் கேப்டனாகக் குறிப்பவருக்கு எல்லாமே இரட்டிப்பு. வாரம் ஓர் ஆளை இலவசமாக மாற்றலாம். மாற்றாமல் விட்டால் அந்த வாய்ப்பு சேரும், 2024-25 சீசனிலிருந்து 5 வரை சேர்த்து வைக்கலாம். இலவசத்துக்கு மேல் மாற்றினால் ஒவ்வொரு ஆளுக்கும் 4 பாய்ன்ட் வெட்டு.

சீசன் தொடங்கி முதல் 5 வாரத்தில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை வீண் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் பந்தைவிட அதிகமாகக் கணக்கில்தான் இருக்கிறது.

கோல் என்பது அரிய சம்பவம். கோலை நோக்கி உதைக்கும் பத்து உதைகளில் ஏறக்குறைய ஒன்றுதான் உள்ளே போகிறது. இப்படி அபூர்வமாக, ஒன்றையொன்று பெரிதாகச் சாராமல் நடக்கும் சம்பவங்களை எண்ணுவதற்கு ஒரு கணித வாய்பாடு உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் வெளியிட்டது. கோல்களுக்கும் அது ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது.

நடுத்தரமான ஒரு முன்கள ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலக் கணக்கில் அவர் ஆட்டத்துக்கு 0.3 கோல் அடிப்பவர், அதாவது சீசன் முழுக்க ஆடினால் 11 அல்லது 12 கோல். முதல் 5 ஆட்டத்தில் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றரை கோல். ஆனால் பாய்சான் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், அந்த 5 ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்காமல் போக 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் அடிக்கவும் 6.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சரி, அச்சு அசலாக இதே திறமையுள்ள 30 பேர் லீக்கில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 வாரம் கழித்து அவர்களில் 2 பேர் 4 கோலோடு பட்டியலின் உச்சியில் நிற்பார்கள். 6, 7 பேர் வெறுங்கையோடு அடியில் கிடப்பார்கள். திறமையில் ஒருவருக்கொருவர் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது. நம் கண்ணோ உச்சியைத்தான் பார்க்கிறது, கை போய் அந்த 2 பேரை வாங்குகிறது, அடியில் கிடப்பவரை விற்கிறது.

2019-இல் நார்விச் அணியின் தேமு புக்கி முதல் 5 ஆட்டத்தில் 6 கோல் அடித்தார். விலை மலிவு, ஊரே வாங்கியது. சீசன் முடிவில் அவர் கணக்கு 11, நார்விச் தரமிறங்கியது, அதாவது கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2021-இல் வெஸ்ட் ஹாமின் மிக்கேல் அன்டோனியோ முதல் 3 ஆட்டத்தில் 4 கோல். சீசன் முடிவில் 10. ஆனால் 2015-இல் லெஸ்டரின் ரியாத் மஹ்ரெஸும் இதேபோல முதல் 3 ஆட்டத்தில் 4 கோல்தான் அடித்தார். 5.5 மில்லியன் விலையில் தொடங்கிய அவர் 17 கோலும் 240 பாய்ன்டும் எடுத்துக் கொடுத்தார், லெஸ்டர் சாம்பியனாகவே ஆகிவிட்டது. அன்டோனியோவையும் மஹ்ரெஸையும் 3 ஆட்டத்து முடிவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இவர் அவர் என்று பிரிக்க முடியாது.

அப்படியானால் புது எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? 1970-களில் பிராட்லி எஃப்ரன், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் 18 பேரை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். 1970 சீசனில் ஒவ்வொருவரும் முதல் 45 முறை மட்டையடித்தபோது கிடைத்த சராசரியை (அதில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்பதை) மட்டும் எடுத்துக்கொண்டு, சீசனின் மிச்சத்தில் எப்படி அடிப்பார்கள் என்று கணிக்க வேண்டும். ராபர்ட்டோ கிளெமென்டே அப்போது 0.400 சராசரியோடு முதலிடத்தில் இருந்தார். சார்லஸ் ஸ்டைன் 1950-களில் கண்டுபிடித்த வழிப்படி அவர்கள் எல்லோருடைய எண்ணையும் குழுவின் சராசரியை நோக்கி இழுத்துவிட்டார்கள்: மேலே இருப்பவரைக் கீழே, கீழே இருப்பவரை மேலே. அவரவர் சொந்த எண்ணை அப்படியே நம்பியதைவிட, இப்படி இழுத்த எண்களின் மொத்தப் பிழை (வர்க்கக் கணக்கில்) மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. கிளெமென்டே மிச்ச சீசனில் அடித்தது 0.346. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் 0.400 இல்லை.

போர்ட் லூயிஸில் ஷான் தெ மார்ஸ் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இது புதுசில்லை. 1812-லிருந்து அங்கே குதிரை ஓடுகிறது. அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள், போன வாரம் ஜெயித்தது என்பதற்காக மட்டும் ஒரு குதிரைமேல் பணம் கட்ட மாட்டார்கள். போன வருஷம் எப்படி ஓடியது, இன்றைக்கு யார் ஜாக்கி, முதுகில் எவ்வளவு எடை என்று கேட்பார்கள்.

இதையே ஒரு எளிய கணக்காக்கலாம். பழைய வரலாற்றுக்கு 15 ஆட்டத்தின் எடை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இந்த 15 என் தோராயம், நீங்கள் 10 அல்லது 20 வைத்தாலும் கதை பெரிதாக மாறாது). நம் ஆட்டக்காரரின் வரலாறு ஆட்டத்துக்கு 0.3, ஆகவே 15 ஆட்டத்துக்கு 4.5 கோல். இந்த சீசனில் 5 ஆட்டத்தில் 4 கோல். கூட்டினால் 20 ஆட்டத்தில் 8.5 கோல், ஆட்டத்துக்கு 0.425. பட்டியலைப் பார்த்தவர் 0.8 என்று நினைக்கிறார். உண்மையில் நம் மதிப்பீடு 0.3-லிருந்து 0.425-க்குத்தான் நகர வேண்டும்.

இப்போது அந்த 4 பாய்ன்ட் வெட்டுக்கு வருவோம். உங்களிடம் இருப்பவரும் 0.3 ஆள்தான் என்றால், மாற்றுவதால் வரும் லாபம் ஆட்டத்துக்கு 0.125 கோல். முன்கள ஆட்டக்காரருக்கு கோலுக்கு 4 பாய்ன்ட் வீதம், வாரத்துக்கு அரை பாய்ன்ட். கொடுத்த 4 பாய்ன்டைத் திரும்ப எடுக்கவே 8 வாரம் ஆகும். அசிஸ்ட், போனஸ் எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்குள் அவருக்குக் காலில் அடிபடலாம், எதிரணிகள் மாறலாம், நீங்களே அவரைத் தூக்கி எறிந்திருக்கலாம். பெரும்பாலும் அந்தக் கடைசிக் காரியம்தான் நடக்கும்!

கேப்டன் விஷயத்திலும் இதே கணக்கு. 2022-23-இல் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்தார், ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்று. அப்படிப்பட்டவருக்கே ஒரு குறிப்பிட்ட வாரத்தில் கோல் விழாமல் போகும் வாய்ப்பு, பாய்சான் கணக்கில், 37 சதவீதம். தொடர்ந்து 3 வாரம் விழாமல் போக 5 சதவீதம். ஒரு வாரம் சும்மா இருந்தார் என்று கேப்டனை மாற்றுவது, 38 வாரத்தில் 14 வாரம் எப்படியும் நடக்கக்கூடிய ஒன்றுக்குத் தண்டனை கொடுப்பது.

இதில் எதிரணியும் சேர்கிறது. 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் புதிதாகத் தரமேறிய 3 அணிகளும் அதே வருஷம் திரும்ப இறங்கிவிட்டன. முதல் 5 வாரத்தில் அப்படிப்பட்ட இரண்டு அணிகளைச் சொந்த மைதானத்தில் சந்தித்த ஆட்டக்காரரின் கோல் கணக்கு ஊதிப்போய்த்தான் தெரியும்.

"விலை ஏறுவதற்குள் வாங்கிவிடலாமே" என்பார்கள். நிறையப் பேர் வாங்கினால் விலை 0.1 மில்லியன் வீதம் ஏறுகிறது, உண்மைதான். ஆனால் விற்கும்போது லாபத்தில் பாதிதான் கைக்கு வரும், அதுவும் கீழ்நோக்கி முழுமையாக்கி. 5.5-க்கு வாங்கியவர் 5.8 ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 5.6.

கோலைப் பார்க்கக்கூடாது என்றால் எதைப் பார்ப்பது? அடிக்கடி நடப்பதைப் பார்க்கவேண்டும். எத்தனை நிமிடம் களத்தில் இருக்கிறார், எத்தனை முறை உதைக்கிறார், எங்கிருந்து உதைக்கிறார். ஒவ்வொரு உதையும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டி வரும் எண்ணைத்தான் எக்ஸ்ஜி என்கிறார்கள். சீசன் தொடக்கத்தில் அது கோல் எண்ணிக்கையைவிடச் சீக்கிரம் நிலைப்படுகிறது. நிமிடம் அதைவிடச் சீக்கிரம். 90 நிமிடம் ஆடியவர் இப்போது 60-இல் வெளியே வருகிறார் என்றால், அவர் எடுக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதற்கு 5 வாரம் காத்திருக்க வேண்டாம், இரண்டு வாரமே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை மாறியதா என்பது. ஓர் அணிக்குச் சீசனில் சராசரியாக 4, 5 பெனால்டி கிடைக்கும். பத்தில் ஏழெட்டு கோலாகும். அந்தப் பொறுப்பு ஒருவர் கைக்குப் போனால் அவர் கணக்கில் ஆட்டத்துக்கு சுமார் 0.1 கோல் கூடுகிறது. மேலே பார்த்த 0.125-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 5 ஆட்டத்தில் 4 கோல் என்ற பரபரப்பு நமக்குச் சொல்வதும், "இனி பெனால்டி இவர்தான்" என்ற ஒற்றை வரிச் செய்தி சொல்வதும் ஏறக்குறைய ஒரே அளவு. பழைய வரலாற்றை எழுதிய நிலைமையே இங்கே மாறிவிட்டதால், இந்தச் செய்தியைச் சராசரியை நோக்கி இழுக்கவும் தேவையில்லை.

கோல் பால்மர் (Cole Palmer) என்ற ஆட்டக்காரர் 2023 செப்டம்பர் 1 அன்று மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்தார். விலை 5 மில்லியன். முதல் ஒரு மாதம் லீக்கில் கோலே இல்லை, பட்டியலில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். அக்டோபர் 7 அன்று பர்ன்லிக்கு எதிராக முதல் கோல், அது பெனால்டி. அந்த சீசனை அவர் 22 கோல், 244 பாய்ன்டோடு முடித்தார். ஃபேன்டசியில் அந்த வருஷம் அவருக்கு மேல் யாரும் இல்லை. அந்த 22-இல் 9 பெனால்டி.