பெயின்ட்டுக்குக் கீழே பாருங்கள்: பழைய ஹார்ட்டாப் வாங்கப்போகிறவர்களுக்கு

சிவப்பு நிற 1963 செவ்ரொலே இம்பாலா, இரண்டு கதவு ஹார்ட்டாப். விற்பனை விளம்பரத்தில் 46 படங்கள். ஏரிக்கரையில் சில, அந்திவெயிலில் சில, குரோம் பம்பருக்கு மட்டும் தனியாக மூன்று. வண்டியின் அடிப்பகுதியைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. ஓஹையோவிலிருந்து அழைத்த தம்பி அதை மனத்தளவில் ஏற்கெனவே வாங்கிவிட்டார். "அண்ணா, வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. முன்பணம் அனுப்பிடவா?" என்று கேட்டார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.

பழைய அமெரிக்கக் கார்களை நேரில் போய்ப் பரிசோதித்து, வாங்கப்போகிறவருக்கு அறிக்கை எழுதித் தருவது என் தொழில். இருப்பது மிச்சிகனில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவும் ஊர் இது, அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் துருவைத்தான் தேடுவேன். இப்போதெல்லாம் நம் ஆட்களும் நிறையப் பேர் அழைக்கிறார்கள். அப்பாவின் அம்பாசடரில் பின்சீட்டில் வளர்ந்தவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசையை நான் முழுக்க மதிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹார்ட்டாப் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரில் முன் கதவு முடியும் இடத்தில், தரையிலிருந்து கூரை வரை ஒரு தூண் இருக்கும். ஹார்ட்டாப்பில் அது கிடையாது. கதவுக் கண்ணாடிக்குச் சட்டமும் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. கூரையை மடக்கும் கன்வர்டிபிளின் அழகு வேண்டும், மழைக்கும் குளிருக்கும் கெட்டியான கூரையும் வேண்டும் என்றவர்களுக்காக வந்த வடிவம் இது. 1949-இல் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் மூன்றிலும் ஜெனரல் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு செவ்ரொலே பெல் ஏர் வந்தது. 1955-இல் நான்கு கதவிலும் கிடைத்தது. 1970-களின் முடிவுக்குள் அமெரிக்கத் தயாரிப்பிலிருந்து அநேகமாக மறைந்தே போனது.

நடுத்தூண் இல்லையென்றால் அந்த வேலையை வேறு யாரோ செய்தாக வேண்டும். தரைத்தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் பேனலும் செய்கின்றன. இம்பாலாவில் இது இன்னும் முக்கியம். 1958 முதல் 1964 வரை பெரிய செவ்ரொலேக்களுக்கு எக்ஸ் வடிவச் சேஸிஸ். நடுவில் ஒடுங்கி, முன்னும் பின்னும் விரியும். பக்கவாட்டில் நீளச் சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே ராக்கர் துருப்பிடித்தால் அந்தப் பக்கத்தில் வண்டியைத் தாங்க ஒன்றும் இல்லை. 1965-இல்தான் சேஸிஸ் வெளிவிளிம்பைச் சுற்றி வந்தது.

சரி, அந்தச் சிவப்பு வண்டிக்கு வருவோம். விற்பவர் மரியாதையானவர். காபி கொடுத்தார், கராஜ் விளக்கை எல்லாம் போட்டுவிட்டார். நான் பானெட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் கதவின் பின்விளிம்பருகே தரையில் உட்கார்ந்து, இடைவெளியை அளக்கும் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். கீழே 7 மில்லிமீட்டர். மேலே 2. கதவு மேல்முனையில் நெருக்கியும் கீழே அகன்றும் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. கீல் நன்றாக இருந்தது.

அப்புறம் அவரிடம் கேட்டுக்கொண்டு, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டு நான்கு அங்குலம் தூக்கினேன். உடம்பு உறுதியான வண்டியில் அப்போதும் கதவு இயல்பாகத் திறந்து மூடும். இந்த வண்டியில் கதவு பூட்டில் இடித்து நின்றது. கதவுக் கண்ணாடியின் பின்விளிம்பு, பின்பக்கச் சின்னக் கண்ணாடியின் ரப்பரை அழுத்திக்கொண்டு வந்தது. ஜாக்கியை இறக்கியதும் கண்ணாடி மெதுவாக விலகியது. கால் நூற்றாண்டாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த அசைவைப் பார்க்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.

காந்தத்தை எடுத்தேன். கதவின் மேல்பாதியில் கப்பென்று ஒட்டியது. பின்சக்கரத்துக்கு முன்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தபோது வழுக்கி விழுந்தது. உள்ளே இரும்பில்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது கதை முழுதாகப் புரிந்தது. துருப்பிடித்த பழைய ராக்கரை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து அங்கங்கே வெல்டிங் போட்டு, பட்டி பூசி, அடியில் கறுப்பாக அண்டர்கோட்டிங் அடித்திருந்தார்கள். டிக்கியில் புதுக் கார்ப்பெட். அதைத் தூக்கினால் ஓரங்களில் பழுப்புத் தண்ணீர்த் தடம். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளக்கும் பட்டையின் அடியில் தண்ணீர் தங்கி, துரு தின்று, அப்படியே டிக்கிக்குள் இறங்கும். ஹார்ட்டாப்புகளில் நான் மறக்காமல் பார்க்கும் இடம் அது.

விற்பவர் பொய் சொல்லவில்லை. அவரும் பெயின்ட்டைப் பார்த்து வாங்கியவர்தான். நான் காட்டியபோது முகம் வாடிவிட்டது.

அடுத்து எண்கள். இன்று நாம் பழகிய 17 எழுத்து அடையாள எண் 1981-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி முறை. 1963 இம்பாலாவில் எண் பொறித்த தகடு ஓட்டுநர் கதவின் கீல் தூணில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ரிவெட்டோ ஸ்குருவோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். எண் 31847 என்று தொடங்கினால் 1963, இம்பாலா வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), இரண்டு கதவு ஹார்ட்டாப் என்று பொருள். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்த வண்டியில் பொருந்தியது. ஆனால் பானெட்டுக்குள், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் இருந்த தகட்டில் பெயின்ட் குறியீடு 936. அது எர்மின் ஒயிட், அதாவது வெள்ளை. டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் வெள்ளை இன்னும் அப்படியே இருந்தது. நிறம் மாற்றுவது குற்றமில்லை. "ஒரிஜினல் சிவப்பு" என்று விளம்பரத்தில் எழுதுவதுதான் தவறு.

பின்பக்கம் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) சின்னமும் இருந்தது. அதை வைத்து விலையைக் கூட்டிக் கேட்பார்கள். 1963-இல் எஸ்எஸ் என்பது கூடுதல் காசுக்குக் கிடைத்த அலங்காரத் தொகுப்பு மட்டுமே, அடையாள எண்ணில் அது தெரியாது. 1964-இல்தான் தனி வரிசையானது. அந்த ஆண்டு வி8 ஹார்ட்டாப் என்றால் எண் 41447 என்று தொடங்கும். எனவே 1963 வண்டிக்கு, பழைய ரசீதோ வேறு ஆவணமோ இல்லாமல் சின்னத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். சின்னத்தைக் கடையில் வாங்கி ஒட்டலாம்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. நானாகவே சொல்லிவிடுவேன். அந்தக் கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் உடைந்து பிரேக் ஆயில் போனால் கால் தரையைத் தொட்டுவிடும், வண்டி நிற்காது. இரட்டைச் சுற்று 1967 வாக்கில்தான் பொதுவானது. மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் ஏறக்குறைய அப்போதுதான். 2009-இல், காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) ஒரு 1959 பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பழைய வண்டியில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. அது நடுத்தூண் உள்ள செடான். இதே எக்ஸ் சேஸிஸ். பெல்ட் இல்லாத பின்சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. வண்டியை நீங்களோ உங்கள் ஆளோ தொட்டுப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். "வண்டி கிடங்கில் இருக்கிறது, பணம் வந்ததும் லாரியில் ஏற்றுகிறோம்" என்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது, இழப்பு வந்தால் தரவேண்டிய தொகையை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பாலிசி உங்கள் வண்டியைத் தேய்ந்துபோன பழைய காராகத்தான் கணக்கிடும்.

தம்பிக்கு அறிக்கை அனுப்பினேன். இரண்டு நாள் அவர் பேசவே இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு 1964 ஹார்ட்டாப்பின் படத்தை அனுப்பினார். அரிசோனா வண்டி. கூரையில் பெயின்ட் வெளிறி, சீட் கிழிந்து, பார்க்க ஏழையாக இருந்தது. கூடவே அடிப்பகுதிப் படங்கள் பதினொன்று. அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் போய் ஜாக்கி போட்டுப் பார்த்தார், கதவு ஒரு விரலால் தள்ளினாலே மூடியது. வண்டி ஓஹையோ வந்திறங்கியதும், பெயின்ட்டுக்கு முன்னால் இரட்டைச் சுற்று பிரேக் மாற்றிவிட்டுத்தான் சாவியை மனைவியிடம் காட்டினாராம்.