வாரம் இரண்டு மணி நேரம், ஆனால் தவறாமல்

பல்கலைக்கழக மாணவர்களைத் தன்னார்வப் பணிகளுக்கு அனுப்பிவைப்பதும், அவர்கள் போன இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பெயர் கொடுக்கக் கூட்டமாக வருவார்கள். "எதில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும்?" என்று பலர் கேட்பார்கள். அதை நான் குறையாக நினைப்பதில்லை. நாளைக்கு வேலை தேடப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது மாதத்திலும் வருவீர்களா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு மையத்துக்கு ஒரு மாணவரை அனுப்பியிருந்தேன். கணக்கில் கெட்டிக்காரர். பிள்ளைகளும் அவரோடு உடனே ஒட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது வாரம் பருவத் தேர்வு வந்தது, சொல்லாமல் நின்றுவிட்டார். அவரிடம் பின்னங்கள் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி அடுத்த இரண்டு வாரமும் அதே நாளில், அதே பெஞ்சில், நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள் என்று மையத்தின் பொறுப்பாளர் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருடைய தேர்வு அட்டவணையைக் கேட்காமல் அனுப்பியது நான். அன்றிலிருந்து பெயர் பதியும்போதே தேர்வு நாட்கள், விடுமுறை நாட்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுகிறேன். "இந்தத் தேதிகளில் என்னால் வர முடியாது" என்று முதல் நாளே சொல்லும் மாணவரை எந்த அமைப்பும் குறைவாக எண்ணாது. வேறு ஆளை ஏற்பாடு செய்ய அவர்களுக்கு அவகாசம் கிடைக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? வளாகத்திலேயே தொடங்குங்கள் என்பேன். போக்குவரத்துச் செலவு இல்லை, வகுப்புகளுக்கு நடுவிலும் செய்யலாம். முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டுவது, பின்தங்கியவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவது, விடுதியில் மீதமாகும் உணவைக் கெடுவதற்குள் தேவைப்படும் இடத்துக்குச் சேர்ப்பது என்று வேலைகள் நிறைய உண்டு. ஆனால் எனக்கு மிக நெருக்கமானது, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித்தரும் பணி.

வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். முதல் தடவை உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும், எவ்வளவு கடினம் என்று. அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும்; தவறு என்று தெரிந்தாலும் திருத்தக்கூடாது. கூடாத இடத்தில் முகம் சுளிப்பதுபோல ஒரு மூச்சு விட்டாலும் அது குறிப்புக் கொடுப்பதாகிவிடும். கேள்வியை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். 'ஏ கூட்டல் பி, முழுவதற்கும் வர்க்கம்' என்பதும் 'ஏ கூட்டல், பி-யின் வர்க்கம்' என்பதும் வெவ்வேறு கணக்கு. வாசிப்பவர் இடைவெளி விடாமல் ஓட்டினால், விடை தெரிந்தவரும் மதிப்பெண்ணை இழப்பார். அதனால் எங்கள் தன்னார்வலர்களைத் தேர்வுக்கு முன்பே அந்த மாணவரோடு இரண்டு மூன்று தடவை பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறோம். இருவருக்கும் ஒருவர் வேகம் ஒருவருக்குப் பிடிபட்டுவிடும்.

தேர்வு இல்லாத மாதங்களிலும் அவர்களுக்கு உதவி தேவை. படமாக ஸ்கேன் செய்து அனுப்பும் பாடக்குறிப்புகளைத் திரைவாசிப்பான் மென்பொருள் நேரடியாகப் படித்துச் சொல்லாது. அந்தப் பக்கங்களை எழுத்தாக மாற்றி, பிழை பார்த்து, வரைபடங்களுக்கு இரண்டு வரி விளக்கம் சேர்த்துத் தரலாம். உங்கள் அறையில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை இது.

மனம் விட்டுப் பேச ஆள் இல்லாமல் தவிக்கும் சக மாணவர்களுக்கு இரவில் தொலைபேசியில் காதுகொடுக்கும் சேவைகளும் உண்டு. 1970-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'நைட்லைன்' அப்படி மாணவர்களே மாணவர்களுக்காக நடத்தியது. பிறகு வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இதற்கு மட்டும் நல்ல மனசு போதாது, முறையான பயிற்சி கட்டாயம் வேண்டும். பயிற்சி தராமல் உங்களை அந்த இருக்கையில் உட்கார வைக்கும் குழுவிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ரத்ததானத்துக்கும் தொடர்ச்சிதான் முக்கியம். ஒரே நாளில் வளாகமே திரண்டு ரத்தம் கொடுப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாட்கள்தான் சேமித்து வைக்க முடியும்; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5 முதல் 7 நாட்களே தாங்கும். அப்புறம் வரும் நோயாளிக்கு யார் கொடுப்பார்கள்? நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து மாதங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் மருத்துவர்கள் சொல்லும் இடைவெளி விட்டு முறைவைத்துக் கொடுத்தால் ரத்த வங்கிக்கு அது பெரிய உதவி.

வளாகத்துக்கு வெளியே போகும்போது முதலில் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். முதியோர் இல்லத்தில் பாட்டுக் கச்சேரி நடத்தலாம் என்று நீங்கள் போகும்போது, கைபேசியில் பேரப்பிள்ளையோடு காணொளியில் பேசக் கற்றுத்தர ஒருவர் வந்தால் போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும். குழந்தைகள் காப்பகங்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்கெனவே பிரிவை அனுபவித்த குழந்தைகள் அவர்கள். ஒரு வாரம் கொஞ்சிவிட்டு மறைந்துபோகும் அண்ணன், அக்காமார்களால் அந்தக் காயம் ஆழமாகும். பிறந்தநாளுக்கு ஒருநாள் போய்க் கேக் வெட்டிப் படம் எடுத்துப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்களைப் பற்றி எதையும் விசாரிக்காமல் நேரே குழந்தைகளிடம் அனுப்பும் இடமாக இருந்தால், அங்கே போகவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. லாபம் பார்க்கும் நிறுவனம் தன் அன்றாட வேலையைச் சம்பளமில்லாமல் செய்யச் சொல்லி அதைத் 'தன்னார்வம்' என்று அழைத்தால், அது உழைப்புச் சுரண்டல். சேர்வதற்கே பெரிய தொகை கேட்டாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பகுதிநேர வேலை பார்ப்பவர்கள், வெளியே போக வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் கணினி வழியாகவும் பங்களிக்கலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற இணைய வரைபடத்தில் தெருக்களையும் கட்டடங்களையும் குறித்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். அத்தகைய வேலை இன்றும் நடக்கிறது.

பணியிலிருந்து விலகுவது தவறில்லை, படிப்பு முடிந்தால் போகத்தான் வேண்டும். இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, யாருக்கு எது பிடிக்கும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பின்னங்கள் படித்த அந்தச் சிறுமியிடம் பிறகு வேறொரு மாணவியை அனுப்பினோம். முதல் நாளே, "நீங்களும் போயிடுவீங்களா?" என்று கேட்டாளாம். மாணவி மறைக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரை எடுத்து, தன் கடைசி நாள் எது என்று காட்டினார். ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடிந்ததும் அவள் அதில் ஒரு தேதியை அடித்தாள். கடைசி நாளன்று பின்னத்தை முடித்துத் தசமத்துக்கு வந்திருந்தாள்.