ஈர்க்கிலும் அரிசி ஆலைத் தூணும்

போன மாதம் மருமகன் மடிக்கணினியோடு வந்தான். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குத் தகரக் கொட்டகை போடுகிறார்கள், கணக்குப் பார்ப்பது இவன். திரையில் கொட்டகை முழுக்க நீலமும் பச்சையும். சுமையால் உருக்குக்குள் ஏறும் தகைப்பு, அதாவது உள் இறுக்கம், கூடிய இடத்தைத்தான் மென்பொருள் சிவப்பாகக் காட்டும்.

"மாமா, ஒரு இடத்திலயும் சிவப்பு இல்ல. தூண இன்னும் மெல்லிசாக்கலாம்."

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கிலை உருவிக் கொடுத்து, நிலத்தில் ஊன்றி மேலிருந்து விரலால் அமத்தச் சொன்னேன். தொட்டதுமே வில்லாக வளைந்தது. பாதியாக முறித்து அமத்தினான், இந்த முறை விரல் நொந்தது. தடிப்பு அதேதான். நீளம் பாதியானால் தாங்கும் சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஓய்லர் எழுதிவைத்த கணக்கு இது.

கவனிக்க வேண்டியது நீட்டு ஈர்க்கிலைத்தான். விரலை எடுத்ததும் அது பழையபடி நிமிர்ந்துவிட்டது. முறியவில்லை, உள்ளே தகைப்பும் பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் சுமையைத் தாங்கவில்லை. இதுதான் பக்கிளிங்.

மருமகன் ஓட்டியது லீனியர் ஸ்டாட்டிக் ஆய்வு. சுமை மெதுவாக ஏறும், வளைவு சிறியது, சுமை இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும் என்று அது எடுத்துக்கொள்ளும். வளையாத வடிவத்தை வைத்தே சமன்பாட்டை எழுதும். நேரான தூணை மேலிருந்து அழுத்தினால் அதன் கணக்கில் தூண் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். பக்கவாட்டில் நெளியுமா என்று அது பார்ப்பதே இல்லை. பச்சை காட்டியதில் மென்பொருளின் பிழை ஒன்றும் இல்லை, நாங்கள் கேட்காததை அது சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1978 ஜனவரி 18 அதிகாலை, ஒரு பெரிய விளையாட்டரங்கின் கூரை பனியின் பாரத்தில் விழுந்தது. கணினியின் துணையோடு வடிவமைத்த கூரைதான். மேல் அடுக்கில் அழுத்தம் தாங்கிய உருக்குத் தண்டுகளுக்குக் கணக்கில் நினைத்த பக்கத் தாங்கல் உண்மையில் இருக்கவில்லை, அவை நெளிந்துவிட்டன. முதல் நாள் இரவு ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கான சனம் உள்ளே இருந்தது. விழுந்தபோது, நல்ல காலம், ஒருவரும் இல்லை.

எங்களுக்குப் பனி இல்லை, காற்று இருக்கிறது. அதே 1978 நவம்பரில் வந்த சூறாவளியை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. தகரக் கூரையைக் காற்று மேலே தூக்கும். அப்போது சாதாரண நாளில் இழுவையில் இருக்கும் கீழ்த் தண்டுகள் அழுத்தத்துக்கு மாறும். இழுவையை மட்டும் நம்பி மெல்லிசாகப் போட்ட தண்டு ஈர்க்கில் மாதிரித்தான். அதனால் பக்கிளிங் கணக்கைக் காற்றுச் சுமைக்குத் தனியாக ஓட்ட வேண்டும்.

சல்லடை வைக்கும் மேல் தட்டுக்குக் கேள்வி வேறு. நிமிடத்துக்கு 300 தடவை ஆடும் சல்லடையின் மீடிறன் 5 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 5 தடவை. தட்டின் இயல்பு மீடிறனும், தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகமும், அதற்குக் கிட்ட இருந்தால் பரிவு (ரெசனன்ஸ்) வந்து தட்டும் சேர்ந்து ஆடும், பாரம் எவ்வளவு குறைவென்றாலும். இதற்கு, இயல்பு மீடிறனைக் கண்டுபிடிக்கும் மோடல் ஆய்வு வேண்டும். 2000 ஜூனில் லண்டனில் திறந்த மிலேனியம் நடைபாலம் மக்கள் நடந்த நடையிலேயே பக்கவாட்டில் ஆடி, உடனே மூடப்பட்டது. பாரம் தாங்காமல் அல்ல.

நொன்லீனியர் ஆய்வும் இருக்கிறது. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு தொய்யத் தொய்ய விறைக்கும், அந்த மாதிரி, சுமையும் வளைவும் ஒரே அளவில் ஏறாத இடத்துக்கு அது. பெரிய பேருக்காக எல்லாவற்றுக்கும் அதை ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கணினிக்கும் வேலை, ஓட்டுகிறவருக்கும் குழப்பம்.

சரி, மருமகன் பக்கிளிங் ஓட்டினான். காரணி 0.7 வந்தது. அதாவது, சுமையின் எழுபது வீதத்திலேயே தூண் நெளியும். தூணின் நடு உயரத்தில் ஒரு குறுக்குத் தாங்கல் போட்டதும் 2.4 ஆனது. நான்கு மடங்கு ஏறாததற்குக் காரணம், தாங்கல் இல்லாத மற்றத் திசையில் நெளிவது முந்திக்கொண்டதுதான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த 2.4 நூல் பிடித்தது போல் நேரான தூணுக்கு.

அப்புறம் தூண்கள் லொறியில் வந்து இறங்கிய அன்று இரண்டு பேரும் போய் நூல் பிடித்துப் பார்த்தோம். ஆறு மீற்றர் தூண் ஒன்றில், நடுவில், நூலுக்கும் உருக்குக்கும் இடையே என் சின்ன விரல் தாராளமாகப் போனது.