பட்டறை வெப்பமும் சிறுநீரகமும்

கோடை தொடங்கியதும், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அரசும் மருத்துவர்களாகிய நாங்களும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். மருத்துவ நோக்கில் அதில் பிழையில்லை. ஆனால் சேலத்தில் பொதுமருத்துவம் பார்க்கும் என்னிடம் வருபவர்களில் பலருக்கு வெப்பம் வெளியே இல்லை. அவர்கள் வேலை செய்யும் கூரைக்குக் கீழேயே இருக்கிறது.

இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பகுதிகளில் விசைத்தறிக் கூடங்கள் பலவற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். பஞ்சுத்தூசி பறக்கும் என்பதால் மின்விசிறியையும் தயங்கித்தான் போடுகிறார்கள். பனங்காடு, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கும் சுடர் அலையக்கூடாது என்று விசிறியை நிறுத்தியே வைக்கிறார்கள். இரண்டு இடங்களிலும் செய்த வேலைக்குத்தான் கூலி. சற்று ஓய்வெடுங்கள் என்று சொன்னால், தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பதே பதிலாக வருகிறது. (இதே ஊரில் வசதியுள்ளவர்கள் முப்பது கிலோமீட்டர் மலையேறி ஏற்காட்டில் வார இறுதியைக் கழித்துவிட்டு வர முடிகிறது.)

வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றோட்டமில்லாத புழுக்கத்தில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. அதனால் வெப்பமானி காட்டும் அளவு மிதமாக இருந்தாலும் உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப, உடலில் நீரும் குறைந்துகொண்டே வர, சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. ஒரு நாள் பாதிப்பு தேறிவிடும். கோடைக்குக் கோடை தொடர்ந்தால் சிறுநீரகத் திசுவில் தழும்பு விழும். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளவயதுத் தொழிலாளர்களிடம் இவ்வகைச் சிறுநீரகச் செயலிழப்பு பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களிடமும் விவசாயக் கூலிகளிடமும் நடந்த ஆய்வுகளும் இந்தப் பக்கமே கைகாட்டுகின்றன.

இதோடு சேர்ந்து கெடுப்பவை இரண்டு. ஒன்று, உடல்வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள். நீர்வற்றிய உடலில் இவை சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கிவிடுகின்றன. மற்றொன்று கழிப்பறை இல்லாமை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு என்று வரும் பலரிடம் சற்றுப் பொறுமையாகக் கேட்டால் இந்தக் காரணம்தான் வெளிவரும். நிறையக் குடியுங்கள் என்று இவர்களிடம் எழுதித் தருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உலகம் சூடேறியதில் இந்த மனிதர்களுக்குள்ள பங்கு மிகச் சிறியது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார் என்றால், இந்தியருக்கு அது சுமார் 2 டன். அந்தச் சராசரிக்குள்ளும் குளிர்சாதனமும் காரும் உடையவரும் தறிக்காரரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆனால் ஒரே அளவினதல்ல என்பதை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையே ஏற்றுக்கொண்டது. காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு நேரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் அமைக்க உடன்பாடு ஏற்பட 2022இல் எகிப்தில் நடந்த மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பணம் புயலில் இடிந்த பாலத்துக்குக் கிடைக்கலாம். மெல்ல மெல்லத் தேயும் சிறுநீரகத்தை யாரும் சேதமாகக் கணக்கிடுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் வெப்பத்தால் நேரும் மரணங்கள் பெரும்பாலும் மாரடைப்பு என்றே சான்றிதழில் எழுதப்படுகின்றன. உயிர் பிழைத்து உழைக்கும் திறனை இழப்பவருக்கோ இதில் இடமே இல்லை. குஜராத்தில் தோன்றிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா (SEWA) அமைப்பின் உறுப்பினர்களுக்கு 2024 கோடையில் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டது. இறந்த பிறகு கொடுப்பதைவிட, ஒரு நாள் கூலியை விட்டு ஓய்வெடுக்க உதவும் இத்தகைய ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதுவரை பட்டறை உரிமையாளர்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல: கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, கழிப்பறை, கையெட்டும் தூரத்தில் நீர்மோரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ (ORS), ஏப்ரல், மே மாதங்களில் வேலையை விடிகாலைக்கு மாற்றுவது. தொழிலாளர்கள் தங்கள் சிறுநீர் அடர்மஞ்சளாக மாறுவதையும், தலைசுற்றலையும், கெண்டைக்கால் பிடிப்பையும் உடல் தரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். குழப்பமாகப் பேசினாலோ நினைவு தப்பினாலோ உடனே உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறியபடி 108க்கு அழையுங்கள்; அந்நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

சிறுநீரகப் பாதிப்பை அறியச் செய்யும் பரிசோதனையில் சிறுநீரில் புரதம் இல்லை என்று வந்தால் பலரும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். வெப்பத்தால் வரும் பாதிப்பில் தொடக்கத்தில் புரதம் பெரும்பாலும் வெளியேறுவதில்லை. ஆகவே கோடைக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.