ஃபாலோ: பின்தொடர்வதா, பின்பற்றுவதா, தொடர்வதா?

பெரியம்மாவின் கைபேசியை யாரோ தமிழுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரு மாலை திரையில் 'உங்களை ஒருவர் பின்தொடர்கிறார்' என்று வந்தது. வாசல் கதவை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடா இவன், என் பின்னாடி எதுக்கு வர்றான்?" என்றார்.

சமூக ஊடகத்தின் 'ஃபாலோ'வைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அவர் பயந்ததில் தப்பே இல்லை. பின்தொடர்வது காலால் செய்கிற வேலை: பசுவின் பின்னால் கன்று, திருடன் பின்னால் போலீஸ். செய்த தீவினை 'வீயாது பின்சென்று அடும்' என்கிறது குறள் (207). பகைவனிடம் தப்பினாலும் அது விடாமல் பின்னாலேயே வந்து கொல்லுமாம். 2013-இல் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்த பிறகு, விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தும் குற்றத்துக்கும் செய்தித்தாள்களில் இதே பெயர்தான். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதும் அதில் அடக்கம்.

சரி, 'பின்பற்று' என்று சொல்லலாமா? பற்றுவது என்றால் பிடித்துக்கொள்வது. காந்தியைப் பின்பற்றலாம், மருத்துவர் சொன்ன பத்தியத்தைப் பின்பற்றலாம். ராத்திரி பதினொரு மணிக்குச் சமையல் வீடியோ பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு? 'அடியொற்றுதல்' இன்னும் கனம். முன்னே போனவரின் காலடித் தடத்திலேயே நம் காலைப் பதிப்பது அது.

ஆங்கிலத்தின் ஃபாலோ பழைய ஜெர்மானியச் சொல். கூடப் போவது, கீழ்ப்படிவது, புரிந்துகொள்வது எல்லாமே அதற்குள் அடங்கும். நம் பேச்சிலும் அப்படித்தான்: "முன்னாடி போற வண்டிய ஃபாலோ பண்ணுங்க", "கிளாஸ்ல ஒண்ணும் ஃபாலோ ஆகல." (அலுவலகத்து 'ஃபாலோ அப்' தனி ரகம், நச்சரிப்பதற்கு மரியாதையான பெயர்.) 2006-இல் வந்த ட்விட்டர் இதை ஒருவழி உறவாக்கியது. நட்புக்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். இதற்கு, எதிராளி தன் கணக்கைப் பூட்டி வைக்காதவரை, அவர் அனுமதி தேவையில்லை.

இந்த ஒருவழி உறவு நமக்குப் புதிதில்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்காகக் காத்திருந்தவர்கள் செய்ததும் அதுதான். அதனால் 'பின்' என்பதை வெட்டிவிட்டு 'தொடர்' என்றால் போதும் என்பது என் கட்சி. ஃபாலோயர்ஸ் என்றால் தொடர்வோர். அன்ஃபாலோவுக்குத் 'தொடராதே' என்றால் அதட்டலாக இருக்கிறது; 'தொடர்வதை நிறுத்து' என்பது நீளம்தான், பரவாயில்லை.

ஒரே சிக்கல், கன்டின்யூ பொத்தானிலும் 'தொடர்க' என்றே போடுகிறார்கள். அதற்கும் இரண்டாம் வேற்றுமை இருக்கவே இருக்கிறது: 'இவரைத் தொடர்' என்று எழுதிவிட்டால் யாரும் குழம்பமாட்டார்கள்.