அந்த நீல விளக்குப் பெட்டி கரண்ட் பில்லைக் குறைக்காது

என் கடை அலமாரியில் இப்போது பதினொரு பெட்டிகள் கிடக்கின்றன. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. பின்னால் முள், முன்னால் ஒரு நீல விளக்கு. "பிளக்கில் செருகி வையுங்கள், கரண்ட் பில் பாதியாகும்" என்று சொல்லி விற்கிறார்கள். பதினொன்றாவதைப் போன வாரம் ஓர் அம்மா கொடுத்தார். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர். முதல் பெட்டியால் பலன் இல்லை என்று இரண்டாவதும் வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். "தம்பி, இன்னும் ஒன்று போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். வயரிங் வேலையில் இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்தக் கேள்விக்குத்தான். அவர்மீது அல்ல, விற்றவன்மீது.

அவர் கண் முன்னாலேயே திருகைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே ஒரு கண்டென்சர், விளக்கு எரிய ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். என்னிடம் வந்த சில பெட்டிகளில் கண்டென்சர்கூட இல்லை.

"ஆனால் மீட்டரில் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேனே!" என்றார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விற்க வருகிறவன் கையில் இருப்பது கிளாம்ப் மீட்டர். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அது காட்டுவது ஆம்பியர், அதாவது அந்த நொடியில் வயரில் ஓடும் கரண்டின் அளவு. மின்வாரியம் பணம் வாங்குவது யூனிட்டுக்கு. ஃபேன், மோட்டார் போன்றவை லைனிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வாங்கி, நொடிக்குப் பல முறை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கி, இரண்டு கிலோவைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எட்டுக்குத்தான் பில் போடுவார். உங்கள் வீட்டு மீட்டரும் அப்படித்தான்; திரும்பிப் போனதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெட்டியில் உள்ள கண்டென்சர் இந்தப் போக்குவரத்தைக் குறைக்கிறது, ஆம்பியரும் குறைகிறது. எட்டுக் கிலோ எட்டுக் கிலோவாகவே இருக்கிறது. தொழிற்சாலைகளில் இந்தப் போக்குவரத்து அதிகமாகி, பவர் ஃபேக்டர் என்ற கணக்கு குறைந்தால் அபராதம் உண்டு, அதனால் அங்கே கண்டென்சர் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு யாரும் அபராதம் போடவில்லை. அயர்ன் பாக்ஸ், கீசருக்கு இந்தப் போக்குவரத்தே கிடையாது. அவற்றில் அந்த வித்தையும் பலிக்காது.

சரி, அந்த அம்மா வீட்டில் பில் ஏன் ஏறியது? மாடித் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். முன்பெல்லாம் 25 நிமிடம். இப்போது ஒரு மணி நேரத்துக்கும் மேலாம், அதுவும் தினம் இரண்டு வேளை. தரைத்தொட்டியில் குழாயைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வின் சல்லடை முழுக்கப் பாசியும் குப்பையும். வாஷரும் தேய்ந்திருந்தது. ஒரு குதிரைசக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்தில் எழுபது, எண்பது யூனிட் வீண். அதுவரை 500-க்குள் இருந்த வீடு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

அந்தக் கோடு சாதாரணமானதல்ல. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடுகிறது; அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் ஏறியும் இருக்கிறது. கணக்கெடுத்துப் போன நாளையும் அன்றைய மீட்டர் எண்ணையும் காலண்டரில் குறியுங்கள். முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். இடையில் ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஃபேனுக்குச் செலவழியுங்கள். பழைய ஃபேன் 75 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே ஓட்டத்துக்கு 29 யூனிட். அதிக நேரம் ஓடும் அறையில் முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறைக்கு அவசரமில்லை. சுவரில் இன்னமும் அந்தப் பழைய பெரிய ரெகுலேட்டர் இருந்தால் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இரவில் ஃப்ரிட்ஜை அணைக்காதீர்கள். காலையில் போட்டதும் விட்டதையெல்லாம் சேர்த்து இழுக்கும், பாலும் திரியும். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. ஏசியை 24-க்குக் கீழே இறக்காமல் ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். ஃபில்டரைக் கழுவ மெக்கானிக் எதற்கு? கீசரைப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போகாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அது விழுகிறது. கழற்ற மாட்டேன். கசிவைத் தேடிக் கொடுப்பேன்.

அந்த அம்மா வீட்டுத் தொட்டி இப்போது 25 நிமிடத்தில் நிறைகிறது. புது ஃபுட் வால்வும் என் கூலியும் சேர்த்து, ஒரு பெட்டியின் விலைகூட ஆகவில்லை. "இரண்டையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா தம்பி?" என்றார். விற்றவனின் போன் இரண்டு நாளாக எடுக்கப்படவே இல்லை.